விருந்தினரின் தர்மம்

விருந்தோம்பலைப் பற்றி நம் தர்ம நூல்கள் விரிவாகவே பேசுகின்றன. வாசலுக்கு வந்தவரை எவ்வாறு வரவேற்பது, கால் கழுவ நீரும் அமர இருக்கையும் எவ்வாறு அளிப்பது, அவர் உண்ட பிறகே வீட்டார் உண்பது என இல்லறத்தாருக்குப் பல விதிகள் உள்ளன. இல்லறத்தார் நாள்தோறும் செய்ய வேண்டிய ஐந்து வேள்விகளுள் ஒன்றான மனித வேள்வி என்பது விருந்தினரைப் போற்றுவதே. ஆனால் விருந்தினராகச் செல்பவர் எவ்வாறு நடந்துகொள்ள வேண்டும்? இதைப் பற்றி நாம் அவ்வளவாகச் சிந்திப்பதில்லை. விருந்தளிப்பது ஓர் அறம். அதைப் பெறுவதோ வெறும் வசதி என்று எண்ணிவிடுகிறோம்.

'அதிதி' என்ற சம்ஸ்கிருதச் சொல்லுக்குத் திதி இல்லாதவர், அதாவது வரும் நாளைக் குறிப்பிடாமல் வருபவர் என்று மரபாகப் பொருள் கூறுவார்கள். 'விருந்து' என்ற தமிழ்ச் சொல்லுக்குப் புதுமை என்பது பொருள். முன்பின் அறியாத புதியவர், எதிர்பாராத நாளில் வந்து நிற்பவர், அவரே விருந்தினர். இன்று நாம் பயணம் செய்யும் விதமோ வேறு. நாளையும் நேரத்தையும் முன்கூட்டியே தெரிவித்து, அறைக்கும் உணவுக்கும் உரிய தொகையைச் செலுத்திவிட்டுப் புறப்படுகிறோம். அவ்வாறு செல்பவர் திதியோடு வருகிறார், பணத்தோடும் வருகிறார். அவரை விருந்தினர் என்று அழைக்கலாமா? அல்லது அவர் வாடிக்கையாளர் மட்டும்தானா? வாடிக்கையாளர் என்றால், அவருக்கு அன்னம் பரிமாறும் கை செய்வது வியாபாரம் மட்டும்தானா? சுருக்கமாகச் சொன்னால், விருந்தோம்பல் விலைக்குக் கிடைக்குமா?

யாத்திரையாகவோ சுற்றுலாவாகவோ வெளியூர் செல்லும் ஒவ்வொருவரையும் தொடும் கேள்வி இது. இதைச் சிந்திக்க ஜப்பானின் கிராமப்புறங்கள் மிகவும் பொருத்தமான இடமாக அமைகின்றன. டோக்கியோ, கியோட்டோ போன்ற நகரங்களிலிருந்து விலகி, மலைகளுக்கும் வயல்களுக்கும் நடுவே சென்றால், தானமாக அளிக்கப்படும் விருந்தும் விலைக்கு அளிக்கப்படும் விருந்தும் அருகருகே வாழ்வதைக் காணலாம். முதலில் தானமாக அளிக்கப்படுவதைப் பார்ப்போம்.

வாசலில் நின்ற துறவி

ஜப்பானின் நான்கு பெரிய தீவுகளுள் மிகச் சிறியது ஷிகோகு. அத்தீவைச் சுற்றி 88 கோயில்களை இணைக்கும் யாத்திரைப் பாதை ஒன்று செல்கிறது. அதன் நீளம் ஏறக்குறைய 1,200 கிலோமீட்டர். நடந்து முடிக்க ஆறு, ஏழு வாரங்கள் ஆகும். கூக்காய் என்ற மகானோடு தொடர்புடைய பாதை அது. கி.பி. 774-இல் அத்தீவில் பிறந்த அவர், 804-இல் சீனத்துக்குக் கடல் கடந்து சென்றார். அங்கு பாரதத்தின் வடமேற்குப் பகுதியிலிருந்து வந்தவர் எனப்படும் பிரஜ்ஞர் என்ற துறவியிடம் சம்ஸ்கிருதம் பயின்றார். நாடு திரும்பி, ஷிங்கோன் எனப்படும் மந்திர வழி பௌத்தத்தை நிறுவினார். கோபோ தைஷி என்ற பெயரால் மக்கள் அவரைப் போற்றுகிறார்கள்.

யாத்திரிகர்கள் ஏந்தும் கைத்தடியில் இன்றும் சம்ஸ்கிருத எழுத்துகளைக் காணலாம். அந்தத் தடி கோபோ தைஷியின் வடிவமாகவே கருதப்படுகிறது. மாலையில் விடுதியை அடைந்ததும் யாத்திரிகர் முதலில் தடியின் நுனியைக் கழுவித் துடைக்கிறார். அதன் பிறகே தம்மைக் கவனித்துக்கொள்கிறார். தனியாக நடந்தாலும் 'இருவர் சேர்ந்து நடக்கிறோம்' என்ற பொருளுள்ள சொற்கள் அவரது தொப்பியில் எழுதப்பட்டிருக்கும். இரண்டாமவர் கோபோ தைஷி.

இந்த யாத்திரை எவ்வாறு தோன்றியது என்பதற்கு வழங்கும் கதை, விருந்தை மறுத்த ஒருவனைப் பற்றியது. இன்றைய மட்சுயாமா நகரத்துக்கு அருகே எமோன் சபுரோ என்ற செல்வன் வாழ்ந்தான். அவன் வாசலில் கந்தல் உடுத்திய துறவி ஒருவர் பிட்சைக்கு நின்றார். அவன் விரட்டினான். அவர் மீண்டும் மீண்டும் வந்தார். இறுதியில் சினம் கொண்டு அவரது பிட்சைப் பாத்திரத்தைத் தட்டி உடைத்தான்; அது எட்டுத் துண்டுகளாகச் சிதறியது. பிறகு அவனுடைய எட்டுப் பிள்ளைகளும் ஒருவர்பின் ஒருவராக இறந்தனர். வந்தவர் கோபோ தைஷி என்பதை உணர்ந்த அவன், மன்னிப்புக் கேட்பதற்காக அவரைத் தேடித் தீவைச் சுற்றி நடந்தான். இருபது முறை சுற்றியும் அவரைக் காண முடியவில்லை. இருபத்தோராம் முறை எதிர்த்திசையில் சுற்றினான். வலிமை இழந்து, மலைப்பாதை ஒன்றில் மரணத் தறுவாயில் விழுந்து கிடந்தபோது அவர் அவன்முன் தோன்றினார். அவனே முதல் யாத்திரிகன் என்பது நம்பிக்கை.

ஒசு என்ற ஊரில் 'பத்து இரவுப் பாலம்' என்ற பெயருடைய சிறு பாலம் உள்ளது. தங்க இடம் கேட்டு எவரும் தராததால் கோபோ தைஷி ஒரு குளிர்கால இரவை அதன்கீழ் கழித்தார் என்றும், அந்த ஓர் இரவு அவருக்குப் பத்து இரவுகளைப்போல் நீண்டது என்றும் சொல்கிறார்கள். அதனால் யாத்திரிகர்கள் எந்தப் பாலத்தைக் கடந்தாலும் தடியைத் தரையில் ஊன்றுவதில்லை. கீழே அவர் உறங்கிக்கொண்டிருக்கலாம் அல்லவா?

இத்தகைய நினைவுகளிலிருந்து வளர்ந்ததே 'ஒசெத்தாய்' என்ற வழக்கம். யாத்திரிகர் நடந்து செல்லும்போது வழியில் உள்ளவர்கள் அவருக்குப் பழமோ தேநீரோ சில நாணயங்களோ அளிக்கிறார்கள். சிலர் இரவு தங்க இலவசமாக இடம் தருகிறார்கள். அத்தகைய இடத்துக்கு வழங்கும் ஜப்பானியப் பெயரில், பௌத்த நூல்களில் வரும் 'குசலமூலம்', அதாவது நன்மையின் வேர் என்ற கருத்து அடங்கியுள்ளது. வந்தவரை உள்ளே அழைத்துப் படுக்க இடம் தருவது, நன்மைக்கு ஒரு வேரை ஊன்றுவதாகும்.

இங்கே நாம் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. ஒசெத்தாயைப் பெறும் யாத்திரிகருக்கும் கடமைகள் உள்ளன. தமக்குத் தேவையில்லை என்று அவர் அதை மறுக்கலாகாது. கைகூப்பிப் பெற்று, தம் பெயர் எழுதிய சிறு சீட்டை அளித்தவருக்குத் தர வேண்டும். அளித்தவர் முதுமையாலோ குடும்பப் பொறுப்பாலோ நடக்க இயலாதவராக இருக்கலாம். அவருடைய பிரார்த்தனையையும் சேர்த்துச் சுமந்துகொண்டு யாத்திரிகர் நடக்கிறார். ஆக, விலையே இல்லாத இடத்திலும் விருந்து ஒருவழிப் பாதையாக இருக்கவில்லை. பணம் கைமாறவில்லை, கடன் மட்டும் உண்டாகிறது. அந்தக் கடனை மதிக்கும்போதுதான் பெறுபவர் விருந்தினர் ஆகிறார்.

தேநீர்க் குடிலும் நெல்வயலும்

அதே ஷிகோகுவில், கோச்சி மாநிலத்தின் மலைப்பகுதியில் யுசுஹாரா என்ற சிற்றூர் உள்ளது. அங்கே பழைய பாதைகளின் ஓரத்தில் கூரை வேய்ந்த சிறு குடில்கள் நிற்கின்றன. மூன்று பக்கமும் திறந்தவை, மரப்பலகைத் தரை, பின்புறத்தில் கோபோ தைஷி போன்றோரின் கல் உருவங்கள். வழிப்போக்கர்கள் இளைப்பாறுவதற்காக ஊரார் முறைவைத்து அங்கே தேநீர் அளித்து வந்தனர். யார், எவர் என்று கேட்காமல் தரப்பட்ட தேநீர் அது.

அதே ஊரில் கான்சைகோ என்ற பகுதியின் மலைச்சரிவில் அடுக்கடுக்கான நெல்வயல்கள் உள்ளன. இயந்திரம் எளிதில் இறங்க முடியாத வயல்கள். உழைப்பு மிகுதி, விளைச்சல் குறைவு. இளைஞர்கள் நகரங்களுக்குச் சென்றுவிட, அவற்றைக் காக்க வழி தேடிய ஊரார் 1992-இல் புதிய ஏற்பாடு ஒன்றைத் தொடங்கினார்கள். நகரத்தில் வாழ்பவர் ஆண்டுக்கு ஒரு தொகை செலுத்தி ஒரு சிறு வயலுக்குப் 'பங்காளி' ஆகலாம். நடவுக்கும் அறுவடைக்கும் அவர் நேரில் வந்து சேற்றில் இறங்குவார். மற்ற நாட்களில் ஊரார் பயிரைப் பார்த்துக்கொள்வார்கள். ஜப்பானில் பின்னர் பல ஊர்களில் பரவிய இந்த ஏற்பாடு முதலில் தோன்றியது இங்கேதான்.

முன்னோர்கள் தேநீரைத் தானமாக அளித்தார்கள். வழிவந்தவர்கள் வயலுக்குத் தொகை பெறுகிறார்கள். இதை வீழ்ச்சி என்று கூறலாமா?

ஒரு வலுவான மறுப்பு

கிராமப்புற ஜப்பானில் பயணிகள் தங்கும் எளிய இல்லங்களுக்கு 'மின்ஷுகு' என்று பெயர். மக்கள் விடுதி என்பது அதன் நேர்ப்பொருள். பெரும்பாலும் ஒரு குடும்பம் தன் சொந்த வீட்டிலேயே நடத்துவது. இரவு உணவும் காலை உணவும் சேர்த்து ஒரு நாளுக்கு இவ்வளவு என்று தொகை உண்டு. கோரைப்பாய் போர்த்திய தரையில் மெத்தையை விரித்து உறங்க வேண்டும். பல இல்லங்களில் விருந்தினரே அதை விரித்துக்கொள்வார். குளியலறை பொது. உணவு வேளை வீட்டார் குறிப்பதே.

கியூஷு தீவின் ஓயிதா மாநிலத்தில் திராட்சை விளையும் அஜிமு என்ற பகுதியில், உழவர் குடும்பங்கள் சில 1996-இல் ஒன்றுகூடித் தங்கள் வீடுகளில் பயணிகளைத் தங்கவைக்கத் தொடங்கின. விடுதி நடத்துவதற்கான கடுமையான விதிகள் தடையாக இருந்தன. 2002-இல் மாநில நிர்வாகம் அவற்றைத் தளர்த்தியது. பயணிகள் வீட்டாரோடு தோட்டத்தில் காய் பறித்து, சேர்ந்து சமைத்து, சேர்ந்து உண்கிறார்கள். ஒருமுறை தங்கினால் தூரத்து உறவு, பத்து முறை தங்கினால் சொந்த உறவு என்ற கருத்தை அவர்கள் தங்கள் கொள்கையாக முன்வைக்கிறார்கள்.

இதைக் கேட்கும் கறாரான சிந்தனையாளர் ஒருவர் இவ்வாறு மறுக்கக்கூடும்: "உறவினரிடம் யாரும் பணம் வாங்குவதில்லை. பணம் வாங்குவதாக இருந்தால் உறவு என்ற சொல்லைப் பயன்படுத்தக் கூடாது. அன்பு என்ற பெயரில் வியாபாரம் செய்வதைவிட, வியாபாரத்தை வியாபாரமாகவே செய்வது நேர்மையானது. புன்னகைக்கும் சேர்த்து விலை பெறப்படும்போது, அந்தப் புன்னகையை எப்படி நம்புவது?"

இம்மறுப்பை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. அன்பைக் காட்டிப் பணம் பறிப்பது உலகில் எங்கும் நடக்கிறது. எனினும் இதில் மறைந்திருக்கும் ஓர் எண்ணத்தைச் சோதிக்க வேண்டும். பணம் புகுந்த இடத்தில் வேறெதுவும் வாழ முடியாது என்பதே அந்த எண்ணம். ஆசிரியர் ஊதியம் பெறுகிறார். அதனால் அவர் மாணவரிடம் காட்டும் அக்கறை பொய்யாகிவிடுமா? மருத்துவர் கட்டணம் பெறுகிறார். நோயாளிக்காக அவர் இரவில் விழித்திருப்பது கட்டணத்தில் அடங்குமா? மகாபாரதத்தில் வரும் தர்மவியாதர் இறைச்சி விற்று வாழ்ந்தவர். விற்பவர் என்பதால் அவரது ஞானம் குறைந்துவிடவில்லை. கொடுக்கல் வாங்கலின் நடுவே நின்றபடியே தர்மத்தில் நிலைத்திருக்க முடியும் என்பதற்காகவே அவர் கதை சொல்லப்பட்டது.

விற்பவையும் விற்காதவையும்

ஜெர்மானியத் தத்துவ ஞானி காண்ட் 1785-இல் வெளியிட்ட நூலில் ஒரு முக்கியமான வேறுபாட்டைச் சுட்டிக்காட்டினார். சிலவற்றுக்கு விலை உண்டு. அவற்றுக்கு ஈடாக வேறொன்றை வைக்க முடியும். சிலவற்றுக்கு ஈடே கிடையாது. அவற்றுக்கு உரியது மதிப்பு அல்லது மாண்பு. மனிதனின் அறத்தன்மை இரண்டாம் வகையைச் சேர்ந்தது.

இந்த வேறுபாட்டை ஒரு ஜப்பானியச் சிற்றூர் தன் போக்கில் கண்டுகொண்டது. கிஃபு மாநிலத்தின் மலைகளுக்கு நடுவே உள்ள ஷிரகவா கிராமத்தில் ஓகிமாச்சி என்ற குடியிருப்பு இருக்கிறது. அதன் வீடுகளின் கூரைகள் மிகவும் செங்குத்தானவை; பிரார்த்தனையில் கூப்பிய கைகளைப்போல் தோன்றுவதால் அந்தக் கட்டட முறைக்கே அப்பெயர் வந்தது. கடும் பனியைத் தாங்கும் அந்தப் புல் கூரைகளை ஏறக்குறைய முப்பது ஆண்டுகளுக்கு ஒருமுறை புதிதாக வேய வேண்டும். ஒரு குடும்பத்தால் அது இயலாது. ஊரே திரண்டு, நூற்றுக்கும் மேற்பட்டோர் கூரைமீது ஏறி வேய்ந்து தருவார்கள். இன்று உன் கூரை, நாளை என் கூரை. 'யுயி' என்று வழங்கும் இந்தப் பரஸ்பர உழைப்புக்குக் கூலி கிடையாது. கைம்மாறாக உழைப்பு மட்டுமே உண்டு.

நாடெங்கும் பழைய வீடுகள் இடிந்துகொண்டிருந்த காலத்தில், 1971-இல் ஓகிமாச்சி மக்கள் தங்களுக்குள் ஓர் உறுதி பூண்டார்கள். வீடுகளை விற்பதில்லை, வாடகைக்கு விடுவதில்லை, இடிப்பதில்லை என்பதே அது. 1995-இல் யுனெஸ்கோ அவ்வூரை உலகப் பாரம்பரிய இடமாக அறிவித்தது. அதே வீடுகளில் சில மின்ஷுகுகளாகவும் இயங்குகின்றன. ஓர் இரவுக்குத் தொகை பெறுகிறார்கள். வீட்டை மட்டும் விற்பதில்லை. எதை விலைக்குத் தரலாம், எதைத் தரலாகாது என்ற தெளிவு இருப்பதால்தான் அவர்களால் வாசலைத் திறந்து வைக்க முடிகிறது.

உணவு வேளையில் ஜப்பானியர் கூறும் இரண்டு சொற்களை மொழிபெயர்க்க முயலும்போதும் இந்த உண்மை புலப்படுகிறது. உண்பதற்கு முன் 'இதாதாகிமாசு' என்கிறார்கள். தலைக்கு மேல் உயர்த்திப் பணிவோடு பெறுவதைக் குறிக்கும் வினைச்சொல் அது. நாம் பிரசாதத்தைக் கண்களில் ஒற்றிப் பெறுவதை ஒத்த செயல். உண்ட பின் 'கொச்சிசோசாமா' என்கிறார்கள். அதன் நடுவிலுள்ள சொல் ஓடியாடுவதைக் குறிக்கும். எனக்காக இங்கும் அங்கும் ஓடி இதையெல்லாம் தேடிச் சேர்த்தீர்களே என்ற நன்றி அதில் அடங்கியிருக்கிறது. பணம் செலுத்திய உணவகத்திலும் இதே சொல்லைக் கூறுவது வழக்கம்.

இதில் ஒரு தத்துவமே உள்ளது. அரிசிக்கு விலை உண்டு, விறகுக்கு விலை உண்டு, அறைக்கு விலை உண்டு. அவற்றைப் பணம் ஈடு செய்துவிடுகிறது. ஆனால் வசந்தத்தில் மலையேறி இளங்கீரைகளைப் பறித்து வந்து, கசப்பு நீங்க வேகவைத்து, இந்த விருந்தினருக்கு இது பிடிக்குமா என்று ஒரு கணம் எண்ணிப் பார்த்த முதிய தாயின் அந்த எண்ணத்துக்கு என்ன விலை? ரசீதில் அதற்கு ஒரு வரி கிடையாது. பணம் செலுத்திய பிறகும் மிச்சமிருக்கும் அந்தக் கடனே விருந்தோம்பல். அதைக் காண மறுப்பவர் வாடிக்கையாளராகவே திரும்புகிறார். காண்பவர், பணம் கொடுத்த பிறகும் விருந்தினராகவே இருக்கிறார்.

எனவே விருந்தோம்பல் விலைக்குக் கிடைக்குமா என்ற கேள்விக்கு விடை இதுதான்: கிடைக்காது. ஆனால் விலைக்குக் கிடைப்பவற்றோடு சேர்ந்து அது தானாக வரக்கூடும். வருகிறதா என்பது அளிப்பவரை மட்டும் பொறுத்ததல்ல, பெறுபவரையும் பொறுத்தது.

குளியல் தொட்டி கற்பிப்பது

ஜப்பானிய வீடுகளில் வெந்நீர்த் தொட்டியில் அமிழ்ந்து களைப்பாறுவது அன்றாட வழக்கம். அந்த நீர் ஒருவருக்கு மட்டும் உரியதல்ல. ஒரே நீரில் வீட்டார் அனைவரும் ஒருவர்பின் ஒருவராக இறங்குவர். ஆகவே தொட்டிக்கு வெளியே அமர்ந்து உடலை நன்கு தேய்த்துக் கழுவிய பிறகே உள்ளே இறங்க வேண்டும். விருந்தினர் வந்திருந்தால் முதலில் இறங்கும் உரிமையை அவருக்கே அளிப்பது பழைய மரியாதை.

இதைச் சற்று எண்ணிப் பாருங்கள். விருந்தினருக்கு முதலிடம் தரப்படுகிறது. அவர் முதலில் இறங்குவதாலேயே, பின்னால் வரும் அத்தனை பேருடைய நீரின் தூய்மையும் அவர் கையில் இருக்கிறது. பெருமை எவ்வளவோ பொறுப்பும் அவ்வளவு. நீர் அழுக்கானால் அதில் இறங்கப்போவது அவர் அல்லர், அவரை உபசரித்தவர்களே.

பயணத்தின் அறம் முழுவதையும் இந்த ஒரு தொட்டியில் காணலாம். மலைப்பாதை, நீரோடை, கோயில் முற்றம், ஒரு கிராமத்தின் அமைதி எல்லாமே பலர் ஒருவர்பின் ஒருவராக இறங்கும் நீர்தான். நாம் சென்ற பின்னும் அங்கே வாழப்போகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் அளித்த முதலிடத்தை அழுக்காக்காமல் திரும்புவதே விருந்தினரின் முதல் தர்மம்.

காத்திருக்கத் தெரியாதவர்

தர்மவியாதரின் கதை ஒரு விருந்தினரின் குறையிலிருந்தே தொடங்குகிறது என்பதை நாம் மறந்துவிடுகிறோம். தவவலிமையால் ஒரு கொக்கை எரித்த கௌசிகர் என்ற அந்தணர், ஒரு வீட்டு வாசலில் பிட்சை கேட்டு நிற்கிறார். இல்லத்தரசி அவரைக் காத்திருக்கச் சொல்கிறாள். அதற்குள் கணவன் பசியோடு வர, அவனுக்குப் பணிவிடை செய்துவிட்டுத் தாமதமாக வருகிறாள். கௌசிகருக்குக் கோபம் பொங்குகிறது. கேட்டவுடன் கிடைக்க வேண்டும் என்ற எண்ணம் அவருக்கு. அந்த வீட்டுக்கென ஒரு வாழ்க்கை உண்டு, அதன் நடுவே தமக்கு இடம் தரப்படுகிறது என்பதை அவர் காணவில்லை. கௌசிகரிடம் இருந்தது தவச்செருக்கு. இன்றைய பயணியிடம் இருப்பது பணச்செருக்கு. இரண்டும் ஒரே விதமாகவே பேசுகின்றன.

காண்ட் 1795-இல் எழுதிய நிலையான அமைதியைப் பற்றிய நூலில் இதன் பெரிய வடிவத்தைக் காண்கிறோம். பூமி அனைவருக்கும் பொதுவானது. ஆகவே அந்நிய நாட்டுக்கு வருகை தரும் உரிமை எல்லா மனிதருக்கும் உண்டு, பகைவராக நடத்தப்படாதிருக்கும் உரிமையும் உண்டு என்கிறார் அவர். ஆனால் அது வருகை தரும் உரிமை மட்டுமே. அங்கேயே தங்கி உரிமை கொண்டாடும் உரிமை அன்று. ஐரோப்பிய வணிக நாடுகள் வருகை என்ற பெயரில் செய்தது ஆக்கிரமிப்பு என்று அவர் கண்டிக்கிறார். இந்துஸ்தானத்தில் வணிகம் செய்வதாக வந்து படைகளை இறக்கியதை எடுத்துக்காட்டுகிறார். அத்தகைய விருந்தினரைக் கண்ட ஜப்பான் தன் வாசலை ஏறக்குறைய மூடிக்கொண்டதை அறிவுடைமை என்றே குறிப்பிடுகிறார். வாசலைத் திறப்பது எவ்வளவு உயர்ந்த அறமாயினும், வருபவர் தம் எல்லையை மறந்தால் வாசல் மூடப்படுவது நியாயமே.

வாசல் மூடப்படும் ஆபத்து இன்றும் உண்டு. ஷிரகவா கிராமத்தின் மக்கள்தொகை 2,000-க்கும் குறைவு. அங்கு ஆண்டுதோறும் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் வருகிறார்கள். அவர்களுள் சிலர் அது குடியிருப்பு என்பதையே மறந்து, வீட்டு முற்றங்களுக்குள் அனுமதியின்றி நுழைகிறார்கள். பனிக்காலத்தில் நடக்கும் விளக்கு விழாவில் நெரிசல் தாங்க முடியாமல், 2019 முதல் முன்பதிவு செய்தவர்களை மட்டுமே அனுமதிக்கிறார்கள்.

'ஏற்கிறேன்'

இதற்கு மாற்றாக நிற்கும் ஓர் இடத்தையும் காண்போம். வடக்கே யமகதா மாநிலத்தில் ஹகுரோ, கஸ்ஸன், யுதோனோ என்ற மூன்று புனித மலைகள் உள்ளன. ஹகுரோ நிகழ்காலத்தையும், கஸ்ஸன் மரணத்தையும், யுதோனோ மறுபிறப்பையும் குறிப்பதாக நம்பிக்கை. மூன்றையும் ஏறி இறங்குபவர் இறந்து மீண்டும் பிறந்தவர் ஆகிறார். ஹகுரோ மலைமீது வானுயர்ந்த செடார் மரங்களுக்கு நடுவே 2,446 கற்படிகள் ஏறிச் செல்கின்றன. கஸ்ஸன் 1,984 மீட்டர் உயரம். வெகுகாலம் பனி படர்ந்திருப்பதால் கோடையில்தான் ஏற முடியும்.

ஹகுரோவின் அடிவாரத்தில் தோகே என்ற ஊர் உள்ளது. அங்கே யாத்திரிகர்கள் தங்கும் 'ஷுகுபோ' என்ற இல்லங்கள் இருக்கின்றன. அவற்றை வழிவழியாக நடத்துபவர்கள் யமாபுஷி எனப்படும் மலைத் தவசிகளின் குடும்பத்தினர். மலைக்கீரை, காளான், மூங்கில் குருத்து, எள்ளால் செய்த கட்டி போன்ற புலால் இல்லாத உணவைப் பரிமாறுகிறார்கள். வெளியூர் மக்களும் சில நாட்கள் தங்கி மலைத் தவத்தின் எளிய வடிவம் ஒன்றில் பங்குகொள்ளலாம். வெள்ளாடை உடுத்தி, மௌனமாக மலை ஏறி, அருவி நீரில் நின்று பிரார்த்திக்க வேண்டும். வழிநடத்துபவர் எதைச் சொன்னாலும் பங்குகொள்பவர் கூறவேண்டிய விடை ஒன்றே: 'உகெதாமோ'. பணிவோடு ஏற்கிறேன் என்பது அதன் பொருள். எழுந்திருங்கள் என்றால் 'ஏற்கிறேன்'. மழையில் நடங்கள் என்றாலும் 'ஏற்கிறேன்'.

இதற்கும் கட்டணம் உண்டு. ஆனால் கட்டணம் செலுத்தியவர் கட்டளை இடுவதில்லை, கட்டளையை ஏற்கிறார். பணம் கொடுத்தவனுக்கே அதிகாரம் என்ற சந்தை விதி அந்த மலையடிவாரத்தில் தலைகீழாகிவிடுகிறது. அந்த வீட்டின் ஒழுங்குக்குள் நுழைவதற்கான காணிக்கையாகவே பணம் அங்கே அமைகிறது.

ஏற்பது என்றால் அநீதியையும் சகித்துக்கொள்வது என்று பொருள் கொள்ளலாகாது. தூய்மையான படுக்கைக்குத் தொகை பெற்றுக்கொண்டு அழுக்கான படுக்கையைத் தந்தால், அதை மென்மையாக எடுத்துரைப்பது நியாயமே. வாக்களித்ததைக் கேட்பது உரிமை. நம் வீட்டு வழக்கத்தை அவர்கள் வீட்டில் கேட்பது செருக்கு. இவ்விரண்டையும் பிரித்தறிவதே விவேகம்.

காலியாகும் வீடுகள்

இந்தச் சிந்தனைக்குப் பின்னால் ஒரு துயரமும் இருக்கிறது. ஜப்பானிய கிராமங்கள் வேகமாகக் காலியாகின்றன. 2023-இல் எடுக்கப்பட்ட கணக்கின்படி அந்நாட்டில் ஏறக்குறைய 90 லட்சம் வீடுகளில் யாரும் வசிக்கவில்லை; மொத்த வீடுகளில் இது 13.8 சதவீதம். தோகேயில் ஒருகாலத்தில் முந்நூறுக்கும் மேற்பட்ட ஷுகுபோக்கள் இருந்தன. இன்று எஞ்சியிருப்பவை ஏறக்குறைய முப்பது. ஷிகோகுவின் இயா பள்ளத்தாக்கில் நகோரோ என்ற குக்கிராமத்தில், ஊரைவிட்டுச் சென்றவர்கள், மறைந்தவர்கள் ஆகியோரின் நினைவாக ஒரு பெண்மணி துணிப் பொம்மைகளைச் செய்து வைத்திருக்கிறார். 2012-இல் மூடப்பட்ட பள்ளிக்கூடத்தின் வகுப்பறையில் பொம்மைகளே மாணவர்களாக அமர்ந்திருக்கின்றன. அங்கு மனிதர்களைவிடப் பொம்மைகளே அதிகம்.

பயணி தரும் பணம் ஒரு கூரையை இன்னும் சில ஆண்டுகள் காக்கலாம். ஒரு வயல் புதர் மண்டாமல் தடுக்கலாம். ஆனால் ஓர் இரவு தங்குபவர் அந்த வீட்டின் பிள்ளையாக முடியாது. அடுத்த தலைமுறையாக முடியாது. இதை உணர்வதும் விருந்தினரின் அடக்கத்தில் சேரும். நாம் வந்ததால் இந்த ஊர் வாழ்கிறது என்று பெருமை கொள்வது பொய். அதே வேளையில், யாரேனும் வந்து உண்பார்கள் என்பதற்காக அடுப்பை மூட்டி வைக்கும் முதியவருக்கு, உண்பதற்கு ஒருவர் வந்து அமர்வது சிறிய விஷயமும் அல்ல. அளிப்பதற்கு ஒருவருக்கு வாய்ப்புத் தருவது பெறுபவரால் மட்டுமே இயலும். ஷிகோகுவின் யாத்திரிகர் ஒசெத்தாயை மறுக்காமல் பெறுவதன் காரணமும் இதுதான்.

நாம் செய்யக்கூடியவை

ஜப்பானுக்குச் செல்பவர் நம்மில் மிகச் சிலரே. ஆனால் எங்கேனும் ஒரு வீட்டிலோ விடுதியிலோ தர்மசாலையிலோ தங்காதவர் எவரும் இல்லை. அங்கெல்லாம் கடைப்பிடிக்க இயலாத பெரிய விரதம் எதுவும் இதில் இல்லை. வருவதாகச் சொன்ன நாளில் வருவது. வர இயலாவிட்டால் முன்கூட்டியே தெரிவிப்பது. ஒரு குடும்பம் நமக்காகச் சமைத்து வைத்துக் காத்திருக்கும்போது சொல்லாமல் இருந்துவிடுவது, செலுத்திய பணத்தால் நேராகிவிடாது. இலையில் வைத்ததை மனமார உண்பது. வாசலில் காலணியை விடும்போதே அந்த வீட்டின் ஒழுங்கை ஏற்பது. அடுத்து வருபவருக்கு இடத்தைத் தூய்மையாக விட்டுச் செல்வது. புறப்படும்போது பணத்தைக் கொடுத்த பின்னும், இன்னும் தீராத ஒன்று இருக்கிறது என்று உணர்ந்து கைகூப்புவது.

இந்த உணர்வு ஆழமாகும்போது நம் பார்வையே விரிவடைகிறது. இவ்வுலகுக்கு நாம் அனைவரும் திதி குறிக்காமல் வந்தவர்கள். திதி அறியாமல் புறப்படப்போகிறவர்கள். நமக்கு முன்பே இங்கே நீர் இருந்தது, நிழல் இருந்தது, அன்னம் இருந்தது. இவற்றுக்கு நாம் எந்த விலையும் கொடுத்துவிடவில்லை, கொடுக்கவும் முடியாது. நமக்குப் பின் இறங்கப்போகிறவர்களுக்காக நீரைத் தெளிவாக வைத்துவிட்டுச் செல்வதே நாம் செலுத்தக்கூடிய கைம்மாறு.